கறிச்சட்டி கூறும் வரலாறு

வாழைக்காய்ப் பொரியலுக்கு மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டுத் தாளிக்கிறோம். பாட்டன் காலத்துப் பக்குவம் என்று பெருமையும் பேசுகிறோம். எந்தப் பாட்டன் காலம்?

சங்கத் தமிழன் மிளகாயை அறியான்! அவன் அறிந்த காரம் மிளகு. அதற்குக் 'கறி' என்றும் பெயர். பொன்னுடன் முசிறித் துறைக்கு வந்த யவனர் மரக்கலங்கள் மிளகுடன் மீண்டதை அகநானூறு கூறும்.

மிளகாயின் தாயகமோ அமெரிக்கக் கண்டம். மிளகு விளையும் நாட்டைத் தேடி 1492-இல் புறப்பட்ட கொலம்பஸ் குழுவினர் அங்கே கண்டது மிளகாயை! 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு சேர்ந்தான்; அதன் பின்னரே, போர்ச்சுக்கீசியர் வழியே, அக்காய் இங்கு வந்தது. மிளகுபோல் உறைத்ததால் 'மிளகாய்' எனப் பெயரிட்டு ஏற்றனர் நம் முன்னோர். உருளைக்கிழங்கும் தக்காளியும் அக்கண்டத்தின் கொடையே.

மிளகுக் கொடிக்கு மலைச்சாரல் வேண்டும். மிளகாய்ச் செடிக்குப் புழக்கடை போதும். ஏழையின் கறிச்சட்டிக்கும் காரம் எளிதாயிற்று. திவசச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகே சேர்ப்போர் இன்றும் உண்டு. சடங்கு விலக்கியதை அடுக்களை வரவேற்றது. பயன் கண்டது, ஏற்றது!

"தொன்றுதொட்டு வந்தது, மாற்றாதே" என்போரை நாம் கேட்போம்: ஐயா, உம் வீட்டுப் பொரியலில் மிளகாய் புகுந்தது எந்த யுகத்தில்?