தாம்பரம் - போர்ட் பிளேர்: விமானத்தில் எவ்வளவு நேரம்?

சென்னையில் இருந்து அந்தமான் தலைநகர் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீவிஜயபுரம்) வான்வழி தூரம் சுமார் 1,370 கிலோ மீட்டர். மீனம்பாக்கத்தில் ஏறினால் பயணிகள் விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் கொண்டு போய் விட்டுவிடும். கப்பல் என்றால் 3 நாள் ஆகும்.

தாம்பரம் விமானப்படை தளத்தில் இருந்து போகும் ஏ.என்.-32 விமானம் வேகம் குறைவு. 3 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வழி முழுக்க கடல்தான், அவசரத்துக்கு இறங்க இடமே கிடையாது.

2016 ஜூலை 22-ந்தேதி காலை 29 பேருடன் தாம்பரத்தில் கிளம்பிய ஏ.என்.-32 நடுவழியில் மாயமானது. வாரக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான், பள்ளிக்கரணை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆழ்கடல் கருவி எடுத்த படங்களில் உடைந்த பாகங்கள் தெரிந்தன. சென்னை கரையில் இருந்து 310 கிலோ மீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அவை கிடந்தன. போக வேண்டிய தூரத்தில் கால்வாசி கூட அந்த விமானம் தாண்டவில்லை.