பிறவிக் குடல் நரம்புக் குறைபாடு: வயது வந்தோருக்கான அறுவைச் சிகிச்சை

பெருங்குடலின் கடைப்பகுதியில் இருக்க வேண்டிய நரம்பணுத் திரள்கள் கருவிலேயே அமையாமல் போவது ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். ஏறக்குறைய 5,000 பிறப்புக்கு ஒன்றில் காணப்படுகிறது. அணுக்கள் இல்லாத பகுதி தளராமல் இறுகிக் கிடக்க, மலம் தேங்கி, அதற்கு மேலுள்ள நல்ல குடல் ஊதிப் பெருக்கும்.

கோப்பன்ஹேகன் மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886இல் பெர்லினில் இரு குழந்தைகளைப் பற்றி விவரித்தபோது கண்ணில் பட்டது அந்த வீக்கம்தான். வெகுகாலம் வீங்கிய குடலே குற்றவாளி என்று கருதப்பட்டது. அதை வெட்டி எடுத்தார்கள். 1920களில் இடுப்புப் பரிவு நரம்புகளைத் துண்டித்தும் பார்த்தார்கள். பாஸ்டனில் ஆர்வார் ஸ்வென்சன், குடலை வயிற்றில் திறந்துவிட்டால் குழந்தை தேறுவதையும், மூடினால் மறுபடி அடைப்பதையும் கவனித்தார். பார்வைக்கு ஒழுங்காயிருந்த குறுகிய பகுதியை அகற்றி, நல்ல குடலை ஆசனவாயருகே இறக்கித் தைக்கும் முறையை 1948இல் அவரும் அலெக்சாண்டர் பில்லும் வெளியிட்டனர்.

1950இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 54 வயது ஆண் ஒருவரிடம் இந்நோயைப் பதிவுசெய்தனர். பாதித்த நீளம் குறைவாக உள்ளவர்களே பெரும்பாலும் இப்படிக் கண்டறியப்படாமல் வளர்கிறார்கள். எனிமா, பேதி மருந்து, 'உடம்புவாகு' என்ற சமாதானம் என்று காலம் ஓடும். குடல் அடைத்தோ முறுக்கியோ அவசரப் பிரிவுக்கு வந்தபின் குட்டு உடைபடும். பிறந்து இரண்டு நாளுக்குள் மலம் போயிற்றா என்பது முக்கியமான கேள்வி. அதற்குத் தாயார் உடனிருந்தால்தான் விடை. மலக்குடலில் பலூனை ஊதி அழுத்தம் பார்ப்பதும் தசைத் துணுக்கைப் பரிசோதிப்பதுமே உறுதிசெய்யும்.

பெரியவர்களிடம் ஊதிய குடலையும் குறுகிய மலக்குடலையும் இணைப்பது சிரமம். அதனால் சிலருக்கு முதலில் வயிற்றில் பை வைத்து, குடல் சுருங்கும்வரை காத்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரர் துஹமேல் 1956இல் வெளியிட்ட முறை இவர்களுக்குப் பெரிதும் விரும்பப்படுகிறது: மலக்குடலை விட்டுவைத்து, பின்புறமாக நல்ல குடலை இறக்கி இணைப்பதால், சிறுநீர்ப்பை, பாலுறவு நரம்புகள் சேதமாகும் அபாயம் குறைவு.

இந்தச் சிகிச்சைக்குச் சென்னைப் புறநகரான தாம்பரத்தில் வழி இருந்ததா? அங்குள்ள சானடோரியம் 1928இல் காசநோய்க்காகப் பிறந்தது. குடலுக்கு நகரத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. கடற்கரை மின்ரயிலில் ஏறினால், குழந்தைக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. பெரியவருக்கு அடுத்த நிறுத்தமான பூங்காவில் இறங்கி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே குடல் அறுவைக்கெனத் தனித்துறையை உருவாக்கியவர் என். ரங்கபாஷ்யம். இன்று குரோம்பேட்டை தொடங்கி காட்டாங்குளத்தூர் வரை மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன.