காஞ்சிபுரத்தில் மேளமும் கச்சேரியும்

காஞ்சிபுரத்தில் பாட்டு கேட்கப் போவதென்றால் நெடுங்காலம் வரை வீட்டுத் திண்ணையை விட்டு வீதிக்கு இறங்குவதுதான். டிக்கெட்டும் வரிசை நாற்காலியும் உள்ள அரங்கு இந்த ஊரின் இசை வரலாற்றில் கடைசியாக வந்த விருந்தாளி. வந்தும் அது வீட்டுக்காரராகவில்லை. மேளம் சுவாமியோடு தெருத்தெருவாக வந்தது. கேட்பவர்கள் கூடவே நடந்தார்கள், கால் வலித்தால் அடுத்த மண்டபப் படியில் உட்கார்ந்தார்கள்.

வாத்தியத்துக்கு இந்த ஊரில் இருந்த மரியாதைக்குப் பழைய சாட்சி கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டிய ராஜசிம்ம பல்லவனின் பட்டப் பெயர்கள் திருச்சுற்றிலுள்ள சிறு சன்னதிகளின் மேல் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. வாத்ய வித்யாதரன், வீணா நாரதன், ஆதோத்ய தும்புரு ஆகியவை அவற்றில் சில. போர்க்களப் பட்டங்களோடு வீணைப் பட்டத்தையும் சேர்த்துக் கல்லில் வெட்டிக்கொள்ள ஓர் அரசன் விரும்பியிருக்கிறான். அவன் உண்மையில் எவ்வளவு நன்றாக வாசித்தான் என்பதைக் கல்வெட்டைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. அரசன் வாசிப்பைக் குறை சொல்ல ஆளேது? நந்திவர்ம பல்லவன் காலத்து முக்தீசுவரர் கோயில் கல்வெட்டு இன்னும் நம்பகமானது. அது புகழ்ச்சி பாடவில்லை, ஆள்கணக்கு தருகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட அடிகள்மார், அதாவது ஆடலுக்கும் பாடலுக்கும் உரிய பெண்கள், அந்தக் கோயிலோடு இணைக்கப்பட்டிருந்தார்கள்.

பிற்காலத்தில் கோயில் இசைக்கு இரண்டு பெயர்கள் நிலைத்தன. நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் சேர்ந்தது பெரிய மேளம். சதிராட்டத்துக்கு உரிய பாட்டு, நட்டுவாங்கம், மத்தளம், முகவீணை சேர்ந்தது சின்ன மேளம். பெரிய மேளம் ஆண்களின் தொழிலாக இருந்தது. சின்ன மேளத்தின் நடுநாயகம் பெண்கள். ஊர்வலத்துக்கு ஏற்றது பெரிய மேளம்தான். வீதியில் ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருந்தாலும் அடுத்த தெருமுனை வரை கேட்கும் வாத்தியம் அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஓர் ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் கேட்க வைக்க வேறு வழி கிடையாது. பழைய திமிரி நாயனத்தின் உச்ச சுருதிக்கும் அதுவே பயன். டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1930களில் சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைப் பரப்பியபோது நாகஸ்வரம் வீதியிலிருந்து மேடைக்கு ஏறும் வழி எளிதானது.

காஞ்சியில் இந்த வீதி இசையின் பெருநாள் வைகாசி கருட சேவை. வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள், பொழுது புலர்வதற்கு முன்பே கோபுர வாசலில் கூட்டம் கட்டி நிற்கும். பெருமாள் கருடன் மேல் எழுந்தருளி வாசலைத் தாண்டும்போது குடைகளைத் தாழ்த்திச் சில நொடிகள் அவரை மறைப்பார்கள். சோளிங்கபுரத்துப் பக்தர் தொட்டையாசார்யர் ஓர் ஆண்டு வர முடியாமல் தவித்தபோது அவருக்கு அங்கேயே காட்சி தர பெருமாள் போனார் என்பது ஐதிகம். அந்த மறைப்பு நீங்கியதும் கூட்டத்தின் ஆரவாரமும் மேளமும் ஒன்றாக எழும். பிறகு சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் கங்கைகொண்டான் மண்டபம் வரை போய்த் திரும்ப வேண்டும். பெருமாளுக்கு முன்னே பிரபந்த கோஷ்டி, பின்னே வேத பாராயண கோஷ்டி, அனைத்துக்கும் முன்னால் மேளம் என்று ஒரே வீதியில் மூன்று விதமான ஓசை நகரும். மேளக்காரர்கள் புறப்பாட்டுக்கு மல்லாரியில் தொடங்குவார்கள். சுவாமி நிற்கும் இடங்களில்தான் ராக ஆலாபனைக்கு நேரம் கிடைக்கும். ஆகவே விஷயம் தெரிந்த ரசிகர் ஊர்வலத்தோடு ஓடமாட்டார். சுவாமி எந்த மண்டகப்படியில் அதிக நேரம் நிற்கும் என்று கணக்குப் போட்டு முன்னதாகவே அங்கே போய் இடம் பிடிப்பார். பங்குனியில் ஏகாம்பரநாதர், மாசியில் காமாட்சி என்று ஊரின் மற்றக் கோயில்களும் முறை வைத்துக்கொண்டு இதே பழக்கத்தை ஆண்டு முழுவதும் உயிரோடு வைத்திருந்தன.

கர்நாடக இசையின் மும்மூர்த்திகளுக்கும் காஞ்சிக்கும் தொடர்பு உண்டு. சியாமா சாஸ்திரியின் முன்னோர் இங்கே காமாட்சிக்குப் பூசை செய்தவர்கள். பங்காரு காமாட்சி என்ற தங்க விக்கிரகத்தோடு ஊரை விட்டுப் போய்க் கடைசியில் தஞ்சாவூரில் நிலைத்தவர்கள். முத்துசுவாமி தீட்சிதர் சில ஆண்டுகள் இந்த ஊரில் தங்கி உபநிஷத் பிரம்மத்திடம் கற்றார்; ஏகாம்பரநாதர் மீதும் வரதராஜர் மீதும் பாடினார். தியாகராஜர் யாத்திரையாக வந்து போனார். இந்த மூவரின் உருப்படிகளையும் கோயில் சுவருக்கு வெளியே, சாதாரண ரசிகர் உட்கார்ந்து கேட்கும் கச்சேரியாக ஊருக்குத் தந்தது வேறொரு குடும்பம்.

தனகோடி அம்மாளும் அவர் சகோதரி காமாட்சி அம்மாளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சேர்ந்து பாடிப் பெயர் பெற்றவர்கள். கிராமபோன் தமிழ்நாட்டுக்கு வந்த புதிதில் இசைத்தட்டு கொடுத்த முதல் தலைமுறைப் பாடகிகளில் தனகோடியும் ஒருவர். காமாட்சியின் மகன் சுப்பிரமணிய பிள்ளை (1889–1934). ஊரும் உலகமும் அவரை நாயனா பிள்ளை என்றே அழைத்தன. இளமையில் அவருக்குப் பிடித்தது குஸ்தி. இசைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பயில்வான் எங்கும் போய்விடவில்லை. பாட்டுக்குள் புகுந்துகொண்டான் என்றே சொல்லலாம்.

அக்காலக் கச்சேரிக்கு ஒரு பிடிலும் ஒரு மிருதங்கமும் போதும். நாயனா பிள்ளைக்குப் போதாது. பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்களை உட்கார வைப்பார். இதற்கு ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்று நீதிமன்ற மொழியில் பெயர் வந்தது. பெயர் பொருத்தம்தான், பாடகரை விசாரிக்க ஒரு முழு அமர்வே கூடியிருந்ததல்லவா! மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பிடிலும் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் லயமும் அந்த மேடையில் இருந்தன. சிக்கலான தாளத்தில் பல்லவியை எடுத்து, எடுப்பைப் பிடி கொடுக்காத இடத்தில் வைத்து, பக்கவாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரையும் கணக்கில் மடக்கிப் பார்ப்பார், அவர்களும் விடமாட்டார்கள். கச்சேரி பாதி சங்கீதம், பாதி மல்யுத்தம். கீழே உட்கார்ந்தவர்கள் தொடையில் தாளம் போட்டபடி, தாளச் சுற்றின் தொடக்கமான சமத்துக்குத் தப்பாமல் வந்து சேர்ந்துவிட்டோமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒலிபெருக்கி பரவாத நாளில் இத்தனை தாள வாத்தியங்களையும் மீறிக் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டாக வேண்டும். குஸ்திப் பழக்கம் வீண் போகவில்லை.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கலாம். மிருதங்கக்காரர் கணக்காக அடுக்கிக்கொண்டுபோய்ச் சமத்தில் முடிக்கும் ஜதித் தொடருக்குக் கோர்வை என்று பெயர். காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் ஒரு நிற உடலும் வேறு நிறக் கரையும் இழைக்கு இழை கோத்து நெய்யப்படுவதற்கும் கோர்வை என்றே பெயர். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளிக்கு அருகில் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். இருவர் கையும் ஒரே கணக்கில் ஓடவில்லையென்றால் கரை பிசகும். குழித்தறியில் பகலெல்லாம் இழை எண்ணியவர்கள் நிறைந்த ஊரில் கணக்குப் பல்லவிக்கு ரசிகர் கிடைத்தது தற்செயல்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. நிரூபிக்க வழியில்லாத ஊகம்தான். ஆனாலும் தள்ளிவிட மனம் வரவில்லை.

நாயனா பிள்ளை ஊருக்குச் செய்த பெரிய காரியம் ஆண்டுதோறும் காஞ்சியிலேயே நடத்திய தியாகராஜ உற்சவம். வெளியூர் வித்துவான்கள் வந்து பாடினார்கள். உள்ளூர் மக்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டவர்களில் ஒரு சிறுமி, தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள் (1919–2009). அவர் கற்றதில் ஒரு பெரும் பகுதி இப்படிக் கேட்டுக் கற்றது. கேட்ட கிருதியையும் ராகத்தின் முக்கியமான பிடிகளையும் குறித்துவைத்துக்கொள்வார். சகோதரர்களும் உடன் உதவுவார்கள். நாயனா பிள்ளையைத் தம் மானசீக குருவாகக் கருதினார். பெண்கள் ராகம் தானம் பல்லவி பாடுவது அரிது என்றிருந்த காலத்தில் ‘பல்லவி பட்டம்மாள்’ என்று அவர் பெயர் வாங்கியதற்கு விதை அந்த உற்சவப் பந்தலில் விழுந்தது. வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் நாயனா பிள்ளையிடம் கற்றார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவருடைய பாணியைத் தொடர்ந்தார்.

1934இல் நாயனா பிள்ளை மறைந்தார். அவர் பாட்டு எதுவும் இசைத்தட்டில் இல்லை. பெரியம்மாவின் குரலைக் கேட்க முடிகிறது, மகனின் குரலைக் கேட்க முடியவில்லை என்பது விசித்திரம். நேரில் போய்க் கேட்டவர்களோடு அந்தச் சங்கீதம் முடிந்தது. அதற்குள் மெட்ராஸ் கச்சேரிகளின் தலைநகராகிவிட்டது. 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது, சபாக்கள் பெருகின, வானொலியும் இசைத்தட்டு நிறுவனங்களும் அங்கே இருந்தன. பட்டம்மாள் 1932இல் மெட்ராஸ் ரசிக ரஞ்சனி சபாவில் பாடினார். அடுத்த ஆண்டே அங்கே குடியேறினார். எழுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்த பட்டணம், காஞ்சி வளர்த்த பாடகர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டது. 1947ஆம் ஆண்டுத் தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு சின்ன மேளமும் கோயிலை விட்டு நீங்கியது. பெரிய மேளம் மட்டும் வீதியில் மிச்சமிருந்தது.

அதற்குப் போட்டியாகப் பேண்டு வாத்தியம் வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளத்தின் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் டிரம்மும் உள்ளூர்க் கைகளுக்கு மாறி, மாப்பிள்ளை அழைப்பின் அடையாளமாகிவிட்டன. மினுக்கும் பொத்தான் போட்ட சட்டை, தலைக்கு மேல் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுமந்து இரு பக்கமும் நடக்கும் பெண்கள், நடுவில் சினிமாப் பாட்டு. திருமணத்தில் கெட்டிமேளத்துக்கு நாகஸ்வரம், முந்தின இரவு ஊர்வலத்துக்குப் பேண்டு என்று இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போது மட்டும் இரண்டுக்கும் இடமில்லை. அங்கே பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்பும்தான் அம்மனை அழைக்கும்.

ஊருக்கு வெளியே கிராமங்களில் வேறொரு பழக்கம் இருந்தது. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ஆர்மோனியம், மிருதங்கம் அல்லது டோலக், முகவீணை, தாளம் ஆகியவை பின்பாட்டோடு இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும் வரை நிற்காது. பாய், போர்வை, தூங்கும் குழந்தை சகிதம் வந்து உட்காருவார்கள். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஆட்டம் முடியும். பெருங்கட்டூர் பொ. ராஜகோபால் போன்ற கலைஞர்கள் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் பிள்ளைகளுக்கான குருகுலமும் ஏற்பட்டது; அது 2020இல் மூடப்பட்டது.

நகரத்துத் தெருக்களில் இரவுக் கூட்டத்தை 1970களுக்குப் பிறகு பிடித்துக்கொண்டது மெல்லிசைக் குழு, பேச்சுவழக்கில் ஆர்க்கெஸ்ட்ரா. சென்னையில் காமேஷ்–ராஜாமணி, ஏ.வி. ரமணன் ஆகியோரின் குழுக்கள் காட்டிய வழியில் சிற்றூர்களிலும் குழுக்கள் முளைத்தன. அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தெருவை அடைத்து மேடை போடுவார்கள். தொடக்கத்தில் எப்போதும் ஒரு பிள்ளையார் பாட்டு, பிறகு இரண்டு அம்மன் பாட்டு. பக்திக் கணக்கு தீர்ந்ததும் சினிமா. வேண்டிய பாட்டைச் சிகரெட் அட்டையிலோ பஸ் டிக்கெட்டின் பின்புறமோ எழுதிக் கை மாற்றிக் கை மாற்றி மேடைக்கு அனுப்புவது இதில் ஒரு தனிக் கலை. ஃபுல் பெஞ்ச் கச்சேரியில் வித்துவான் எதைப் பாடுவார் என்று ரசிகர் காத்திருந்தார். இங்கே ரசிகர் எதைக் கேட்பாரோ என்று பாடகர் காத்திருந்தார். ஆர்க்கெஸ்ட்ராவைச் சபாக்காரர்கள் மட்டமாகப் பேசியதுண்டு. ஆனால் பிடில்காரரும் தபேலாக்காரரும் நேரில் வாசிப்பதை இலவசமாக, அதுவும் வீட்டு வாசலிலேயே, ஒரு தெரு முழுதும் பார்த்தது அங்கேதான். கீபோர்டும் ரிதம் பேடும் வந்த பின் மேடையில் ஆட்கள் குறைந்தார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. விடிய விடிய என்ற சொல் நோட்டீஸிலிருந்து மறைந்தது.

பெரிய மேளத்துக்கு இப்போது பக்கத்துணைகளும் எதிரிகளும் பெருகிவிட்டன. ஊர்வலங்களில் கேரளச் செண்டை வருகிறது. சிவன் கோயில் விழாக்களில் அடியார் கூட்டங்கள் கயிலாய வாத்தியம் முழக்குகின்றன. பல கோயில்களில் தீபாராதனை நேரத்துக்குச் சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானாக அடிக்கும் மின்சார மேளம் ஒன்று நிற்கிறது. தவில்காரர் பார்த்து வந்த வேலையை அது பார்க்கிறது. காலப்பிரமாணம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. கருட சேவையன்று வீதிக்கு அதைத் தூக்கிவர முடியாது என்பதால், குடை விலகியதும் வாசிக்க நாகஸ்வரக்காரர்கள் கோபுர வாசலில் இன்னும் வந்து நிற்கிறார்கள்.