இனோலா யார்டு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்கு எதிரே, சஸ்குவெஹானா ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள சரக்கு ரயில் பிரிப்பு யார்டு. பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனம் இதை 1905இல் திறந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் உலகின் மிகப் பெரிய சரக்கு யார்டாகக் கருதப்பட்டது.

வந்துசேரும் வண்டியை எஞ்சின் பின்னிருந்து மெல்ல ஒரு செயற்கை மேட்டின் மீது தள்ளும். உச்சியில் கொக்கி கழற்றப்பட்ட வேகன்கள் தம் எடையாலேயே மறுபுறம் உருண்டிறங்கி, போக வேண்டிய ஊருக்கான தண்டவாளத்தில் சேரும். எளிமையும் துல்லியமும் கூடிய அருமையான ஏற்பாடு இது.

1938இல் மின்மயமான யார்டு, இரண்டாம் உலகப் போரின்போது இரவு பகலாக இயங்கியது. பின்னர் லாரிகள் சரக்கைப் பறித்தன. நிலக்கரியும் எஃகும் தளர்ந்தன. பிரிக்கவே தேவையில்லாத கன்டெய்னர் வண்டிகளும் வந்தன. 1976இல் பொறுப்பேற்ற கான்ரெய்ல் ரயில் நிறுவனம் பிரிப்புப் பணியை வேறு யார்டுகளுக்கு மாற்றியது. 1993இல் மேடு மூடப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த இனோலாவுக்கு அது பேரிழப்பு.

1999இல் நார்ஃபோக் சதர்ன் ரயில் நிறுவனத்தின் வசம் வந்தபின் யார்டுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. கிழக்கே செல்லும் பழைய சரக்குப் பாதையின் பெரும்பகுதி இப்போது நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் பயன்படுகிறது.