விப்ரிப்பன்: கேட்பவர் கொண்டுவரும் பாதை

கறுப்புத் திரை, அதன் குறுக்கே நடுங்கும் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டின்மேல் துள்ளி நடக்கும் ஒரு முயல். அம்முயலும் சில கோடுகளாலேயே ஆனது. வேறு வண்ணமில்லை, பின்னணியில் மரமோ வீடோ இல்லை. 1999 டிசம்பரில் ஜப்பானில் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு வெளிவந்த விப்ரிப்பன் என்னும் இசை விளையாட்டைப் புதிதாகப் பார்ப்பவர்கள், இது பாதியில் கைவிடப்பட்ட வேலையோ என்று ஐயுறுவது இயல்பே. மகிழுந்தின் பளபளப்பையும் மனித முகத்தின் அசைவையும் திரையில் அப்படியே கொண்டுவரப் பிற நிறுவனங்கள் போட்டியிட்டுக்கொண்டிருந்த காலம் அது. இந்த வறுமைக் கோலம் ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு வருமுன் சற்றுப் பின்னே செல்ல வேண்டியிருக்கிறது.

இதை உருவாக்கிய மசாயா மட்சூரா அடிப்படையில் இசைக்கலைஞர். 1980களில் சைஸ் என்னும் ஜப்பானிய இசைக் குழுவில் இயங்கியவர். பின்னர் நானாவோன்-ஷா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1996இல் வெளிவந்த அவருடைய பராப்பா தி ராப்பரில், வெங்காயத் தலை கொண்ட தற்காப்புக் கலை ஆசிரியர் ஓரடி பாட, நாய்க்குட்டியான பராப்பா அதைத் திருப்பிப் பாட வேண்டும். ஆடுபவர் உரிய கணத்தில் உரிய பொத்தானை அழுத்தினால் பாட்டு அமையும். 1997இல் கொனாமி நிறுவனத்தின் பீட்மேனியாவும் 1998இல் காலால் மிதித்து ஆடும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனும் வந்து, ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களை நிறைத்தன.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்றுண்டு. எந்தப் பாடல், அதில் எந்த இடத்தில் எதை அழுத்துவது என்பதெல்லாம் ஆக்கியோரால் முன்பே வரையறுக்கப்பட்டவை. பத்து முறை தோற்றவர் பதினோராம் முறை மனப்பாடத்தாலேயே வென்றுவிடலாம். மட்சூரா அடுத்த படைப்பில் கைவைத்தது இந்த இடத்தில்தான்.

ஆட்ட முறை எளிது. சொல்லிக்கொள்ளும் வரையில் எளிது. விப்ரி என்னும் அம்முயல் தானே நடக்கும். பாதையில் எதிர்ப்படும் தடைகள் நான்கு: கட்டை, வளையம், குழி, அலை. கட்டைக்கு எல்1, வளையத்துக்கு ஆர்1, குழிக்குக் கீழ்நோக்கிய அம்பு, அலைக்கு எக்ஸ். அவ்வளவே. ஆனால் சற்றுத் தேறியதும் தடைகள் இரண்டிரண்டாகக் கலந்து வரத் தொடங்குகின்றன. கட்டையும் வளையமும் கலந்தால் இரண்டையும் ஒத்திராத மூன்றாம் உருவம் ஒன்று தோன்றும். அப்போது இரு பொத்தான்களையும் ஒருசேர அழுத்த வேண்டும். தனித்தவை நான்கு, கலந்தவை ஆறு, ஆகப் பத்து. நேரும் நிரையும் கூடி ஈரசைச் சீர் நான்காவதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. விரல்களுக்குத்தான் தோன்றியது!

எதை அழுத்த வேண்டும் என்று திரை சொல்லித் தராது. உருவத்தைக் கண்டு நாமே பிரித்தறிய வேண்டும். தவறினால் விப்ரியின் கோடுகள் கிறுக்கலாகச் சிதையும். தவறுகள் மிகுந்தால் முயல் தவளையாகும். மேலும் மிகுந்தால் புழுவாகும். அதன்பின் ஆட்டம் முடிந்தது. தொடர்ந்து சரியாகக் கடந்தால் புழு தவளையாகவும் தவளை முயலாகவும் மீளும். இன்னும் தேறினால் சிறகு முளைக்கும். புதியவர்கள் விப்ரியையே பார்த்துக்கொண்டிருப்பதால் தோற்கிறார்கள் என்பது நம் அனுபவம். கண் அவளுக்குச் சற்று முன்னே, பாதையில் இருக்க வேண்டும். தாளத்தைக் காது பார்த்துக்கொள்ளும்.

விளையாட்டுடன் வரும் பாடல்கள் ஆறு. லாஃப் அண்ட் பீஸ் என்னும் குழுவினர் அமைத்தவை. இவற்றோடு நின்றிருந்தால் இன்று நாம் இதைப் பற்றி எழுதியிருக்க மாட்டோம். ஆறையும் ஆடிய பிறகு, விளையாட்டுத் தகட்டை வெளியே எடுத்துவிட்டு, நம் வீட்டிலுள்ள எந்த இசைக் குறுந்தகட்டையும் உள்ளே வைக்கலாம். கருவி அந்தப் பாடலை ஆராய்ந்து, அதிலிருந்தே தடைகளை வரைந்து, பாதையை அமைத்துவிடும். அடர்ந்த முழக்கமுள்ள பாடலென்றால் தடைகள் நெருங்கிக் குவியும். நாம் தாளமென்று உணர்வதும் இயந்திரம் கணக்கிடுவதும் எப்போதும் ஒன்றாயிராது. அந்த இடைவெளியில் தடுமாறுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

தகடு வெளியே போனபின் விளையாட்டு எங்கே இருக்கிறது? கருவியின் நினைவகத்தில். பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட் மட்டுமே. குறுந்தகட்டு இசையோ நொடிக்கு 44,100 மாதிரிகள், இரு தடங்கள் என்ற கணக்கில் நொடிக்கு 1,76,400 பைட்டுகளை விழுங்குவது. நினைவகம் முழுவதையும் ஒழித்துக் கொடுத்தாலும் பன்னிரண்டு நொடிப் பாட்டுக்கூட அதில் அடங்காது. ஆகவே பாடல் தகட்டிலிருந்து ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். விளையாட்டு முழுவதும் அந்தச் சிறு நினைவகத்துக்குள் ஒடுங்க வேண்டும். வண்ணப் படங்களுக்கு அங்கே இடம் ஏது? கோடுகள் இடம் அடைப்பதில்லை. திரையின் வறுமை, பாடலுக்கு விட்டுக்கொடுத்த இடம் என்றே நாம் கொள்கிறோம்.

ஜப்பானில் குறுந்தகட்டு விற்பனை உச்சத்தைத் தொட்டது 1998இல். வீடுதோறும் தகடுகள் அடுக்கியிருந்த அந்நாளில், எந்த வீட்டுக்குச் சென்றாலும் இவ்விளையாட்டுக்குத் தீனி கிடைத்திருக்கும். 2000இல் ஐரோப்பாவிலும் வெளியாயிற்று. வட அமெரிக்காவுக்கோ 2014 அக்டோபர் வரை வரவில்லை. வந்தபோதும் இணையத்தில் தரவிறக்கும் வடிவில்தான். அதற்கு முன்பே, 2012 நவம்பரில், நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கென முதன்முறையாகத் தேர்ந்த பதினான்கு வீடியோ விளையாட்டுகளுள் இதுவும் இடம்பெற்றிருந்தது. பேக்-மேனும் டெட்ரிஸும் அதே பட்டியலில் உள்ளவை.

டெட்ரிஸைப் பாதுகாப்பது என்றால் அதன் நிரலையும் அதை இயக்கும் கருவியையும் பாதுகாப்பதாகும். விப்ரிப்பனில் அது போதாது. நிரல் தருவது பாதை போடும் முறையை; பாதையைத் தருவது ஆடுபவரின் தகடு. ஒசாகாவில் ஒருவர் தன் தகட்டை வைத்து 2000இல் ஆடிய ஆட்டம் எந்தச் சேகரிப்பிலும் இல்லை, இருக்கவும் முடியாது. அருங்காட்சியகம் அந்த ஆறு பாடல்களைக் காட்டலாம். ஆனால் ஆறும் ஆக்கியோர் தேர்ந்தவை. மட்சூரா விலக நினைத்த பழைய முறைக்கே நம்மைத் திருப்புபவை. பாடல்களெல்லாம் கைப்பேசிக்குள் ஒழுகிச் சேர்ந்துவிட்ட இந்நாளில், தகடு வைத்திருக்கும் வீடுகளும் அருகி வருகின்றன.

ஆட விரும்பும் நண்பர்கள் பழைய கருவியைத் தேடும்போதே ஒரு பாடல் தகட்டையும் தேடி வைத்துக்கொள்ளட்டும். தாளக் கருவி தெளிவாக ஒலிக்கும் நிதானமான பாடலாயிருந்தால் நல்லது. முதல் நாளே புழுவாகாமல் தப்பலாம்.