உடல் வருத்தத்தோடு மனவருத்தமும்: இல்ஃபோர்ட்டில் உதவி பெறும் வழிகள்

இல்ஃபோர்ட்டை அடுத்த குட்மேஸ் பகுதியில், பார்லி லேனில் இரண்டு வைத்தியசாலைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று 1901இல் மனநோயாளர் விடுதியாகத் திறக்கப்பட்ட குட்மேஸ் வைத்தியசாலை. மற்றது கிங் ஜோர்ஜ் வைத்தியசாலை. இடம் ஒன்றானாலும் நிர்வாகம் வேறு. மனதுக்கு ஓர் அறக்கட்டளை, உடலுக்கு இன்னொன்று.

சலரோகம், இருதய வருத்தம் உள்ள பலர் இந்த இரண்டுக்கும் இடையில் தவறிப்போகிறார்கள். இங்கிலாந்தில் நாட்பட்ட நோயுள்ளோரில் 30 வீதமானோருக்கு மனநலப் பிரச்சினையும் உண்டென கிங்ஸ் ஃபண்ட் 2012இல் கூறியது. மனம் சோர்ந்தவர் மருந்தை ஒழுங்காக எடுக்கமாட்டார், நடக்கப்போகமாட்டார். சீனி ஏறும். அது சோர்வை இன்னும் கூட்டும்.

எங்கள் ஆட்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. "ஒரே யோசனையாக் கிடக்கு" என்று அம்மா சொன்னால் அது கவலை, பயம், நித்திரையின்மை எல்லாம் சேர்ந்தது. கூடப்போன பிள்ளை அதைச் சிந்தனை என்று மொழிபெயர்த்தால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. முகாமில் நடந்ததையோ சாக நினைத்ததையோ பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் சொல்லுவாள்? ஆகவே நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

குடும்ப வைத்தியரிடம் பதிய விசா நிலை தடையல்ல. முகவரிச் சான்று இல்லையென்று மறுக்கவும் கூடாது. தலையிடி, உடம்பு உளைவோடு நிறுத்தாமல் நித்திரை, பசி, அழுகை பற்றியும் சொல்லுங்கள். மனச்சோர்வு, பதற்றத்துக்கு 'டோக்கிங் தெரபீஸ்' சேவையை வைத்தியரின் கடிதம் இல்லாமல் நீங்களே நாடலாம். நாட்பட்ட நோயோடு வாழ்பவர்களும் அதில் அடக்கம்.

வேறு வருத்தத்துக்காக வார்ட்டில் படுத்திருப்பவர், மனநலக் குழுவினர் வந்து பார்க்கவேண்டும் என்று தாதியிடம் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது. மனநல நெருக்கடி என்றால் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். உயிராபத்து என்றால் 999.

மறுபக்கமும் உண்டு. சில மனநோய் மருந்துகள் உடல் எடையையும் சீனியையும் கூட்டும். கடுமையான மனநோய் உள்ளவருக்கு ஆண்டுக்கொருமுறை உடற்பரிசோதனை செய்யப்பட வேண்டும். அழைப்பு வராவிட்டால் குடும்ப வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.