மரண அறிவித்தலில் இல்லாத வரி



எங்கள் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. வாசித்து வாசித்து அதன் அமைப்பு மனப்பாடமாகிவிட்டது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் சென் ஜேம்ஸ் ரவுணை வசிப்பிடமாகவும் கொண்டவர்; இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் பாசமிகு தந்தை. மைத்துனர், சகலன், பேரப்பிள்ளைகள் என்று ஒருவரும் விடுபடமாட்டார்கள். விடுபட்டால் அன்று பின்னேரமே தொலைபேசி வரும்! ஆனால் போனவர் வாழ்ந்த காலத்தில் என்ன செய்தார் என்பதற்கு அதில் ஒரு வரி இருப்பது அருமை. கணக்காளனான எனக்கு அது ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேடு மாதிரித்தான் தெரிகிறது.

2021 ஜனவரி 28ஆம் திகதி டொமினிக் ஜீவா காலமானார். வயது 93. அந்த நேரம் ஒன்ராறியோவில் கொரோனா காரணமாக எல்லோரும் வீட்டில் இருக்கவேண்டும் என்ற உத்தரவு. ஒரு மண்டபம் எடுத்து அஞ்சலிக் கூட்டம் வைக்கவும் வழியில்லை. செய்தியை வாசித்து முடித்த பிறகு, இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் தொண்டர்ப் பிள்ளை ஒன்று தொலைபேசி எடுத்து, “அங்கிள், அவர் ஒரு பாதரா?” என்று கேட்டது. டொமினிக் என்ற பெயரை வைத்துக் குருவானவர் என்று நினைத்துவிட்டது. பிள்ளையில் பிழையில்லை. நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் முடிதிருத்தும் தொழிலாளி. 1927ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் சாதித் தொழிலைச் சொல்லி இழிவுபடுத்தியதால் சிறு வயதிலேயே படிப்பை விட்டவர். கஸ்தூரியார் வீதியில் குடும்பத்தின் ஜோசப் சலூன்தான் பிறகு அவருக்குப் பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும். தமிழ்நாட்டுப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் யாழ்ப்பாணத்தில் தலைமறைவாக இருந்த நாட்களில் அவரோடு பழகி, அந்த ஈடுபாட்டில் தன் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற அவருடைய சிறுகதைத் தொகுதிக்கு 1961இல் இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது.

1966 ஆகஸ்டில் அந்தச் சலூனிலிருந்தே ‘மல்லிகை’ என்ற மாத சஞ்சிகையைத் தொடங்கினார். 2012 வரை நடத்தினார். நாற்பத்தாறு வருடங்கள், ஏறத்தாழ நானூறு இதழ்கள். பெரிய முதலாளி எவரும் பின்னால் இல்லாத ஒரு சிறு சஞ்சிகை இத்தனை காலம் நின்றதை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதிக் காட்ட முடியாது. நானும் மனதில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், சரிவரவில்லை. அவரே படி திருத்தினார், அவரே தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றார். 1990களின் நடுப்பகுதி இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளியிட்டார். சிங்களக் கதைகளைத் தமிழில் போட்டார், போர் நடந்த காலத்திலும் போட்டார். அதற்காக அவரோடு கோபித்தவர்களும் உண்டு.

எண்பதுகளின் பிற்பகுதியில் உயர்தர வணிகப் பிரிவு மாணவனாக யாழ்ப்பாண நகரத்தில் அவரைக் கண்டிருக்கிறேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் சஞ்சிகைக் கட்டு. நான் ஒரு பிரதியும் வாங்கவில்லை. ரியூசன் காசு, போட்டோக்கொப்பிக் காசு என்று சாட்டுக்குக் குறைவில்லை. உண்மையில் கணக்கியல் புத்தகத்துக்கு வெளியே வாசிக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று நினைத்த வயது அது. ஒரு ரோல்ஸும் தேநீரும் குடிக்கிற காசுதான் போயிருக்கும்.

மல்லிகையின் முகப்பில் சினிமா நடிகை வந்ததில்லை. எங்களுடைய மனிதர்களின் படம் வரும். எழுத்தாளர், ஆசிரியர், கலைஞர், பொதுப்பணியாளர். உள்ளே அவரைப் பற்றிய ஒரு கட்டுரை. பெரும்பாலும் அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே போட்டார். இந்தக் கட்டுரைகள் பின்னர் ‘அட்டைப்பட ஓவியங்கள்’, ‘மல்லிகை முகங்கள்’ என்று நூல்களாகவும் வந்தன. நான் வாசிக்கும் அறிவித்தல்களில் காணாத அந்த வரியை, ஒரு சலூன்காரர் மாதா மாதம் தன் கைக்காசில் அச்சடித்துக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் என்று எழுதியது சிலருக்கு ஒருமாதிரி இருக்கலாம். அவரைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வதைக் கவனித்திருக்கிறேன். அவர் மெதுவாகச் சொன்னதேயில்லை. ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்ற தன் வாழ்க்கை வரலாற்றில் எல்லாவற்றையும் வெளிச்சமாகவே வைத்திருக்கிறார். எங்கள் ரொறன்ரோவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2013ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது.

எழுதி வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆள் தேடித் தூரம் போகத் தேவையில்லை. எங்கள் மாடிகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வின்செஸ்ரர் வீதியில், நெக்ரோபொலிஸ் என்ற பழைய மயானம் இருக்கிறது. அங்கே தோண்டன் பிளாக்பேண் என்பவரின் கல்லறை உண்டு. அமெரிக்காவில் அடிமையாக இருந்து 1831இல் மனைவி லூசியோடு தப்பி ஓடி, 1833இல் எல்லை கடந்து கனடா வந்தவர். அவரும் எங்களைப்போல ஓர் அகதிதான். ரொறன்ரோவில் முதன்முதலாக வாடகை வண்டி ஓட்டியவர். எழுத வாசிக்கத் தெரியாதவர். 1890இல் இறந்தார், பிறகு நகரம் அவரை மறந்துபோயிற்று. 1985இல் ஒரு பள்ளிக்கூட வளவில் அவருடைய வீட்டின் அத்திவாரத்தைத் தோண்டி எடுத்த பின்னர்தான், காணி உறுதி, வரி இடாப்பு என்று தேடி அவருடைய கதையை ஒன்றுசேர்த்தார்கள். இடையில் கிட்டத்தட்ட நூறு வருடங்கள்.

ஜீவாவுக்கு அந்த நிலை இல்லை. நூலகம் இணையத்தளத்தில் மல்லிகையின் பழைய இதழ்கள் பெருமளவில் இருக்கின்றன, இலவசமாக. ‘பாதரா’ என்று கேட்ட பிள்ளைக்கு அதைக் காட்டிக் கொடுத்தேன். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும், இருந்தும் அட்டைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, “இவர் ஆர், இவர் ஆர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பாதிப் பேருக்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, அறிவித்தல் தரும் குடும்பங்களிடம் “அவர் ஊரிலோ இங்கேயோ ஏதாவது பொது வேலை செய்தவரோ?” என்று நானாகவே கேட்கத் தொடங்கினேன். முதலாவதாகக் கேட்ட வீட்டில் மகன், “அப்படி ஒன்றும் இல்லை அண்ணை, அப்பா ரெஸ்ரோறன்ற் கிச்சினிலைதான் வேலை” என்றார். போனை வைத்துவிட்டார். பத்து நிமிடத்தால் அதே இலக்கத்திலிருந்து அழைப்பு. இந்தமுறை தாய். ஊர் வாசிகசாலைக்குப் பதினொரு வருடம் அவர்தான் பொருளாளர் என்றும், இடம்பெயரும்போது கணக்குக் கொப்பியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தவர் என்றும், அது இன்னமும் அலுமாரியில் இருக்கிறது என்றும் சொன்னார்.